உப்புக் காற்றில் நிற்கும் கனெக்ரர்கள்

தீவகத்தில் ஒரு மோட்டர் ஓடாமல் நின்றால் முதலில் மோட்டரைக் கழற்றாதீர்கள். வயர் எங்கெங்கே இன்னொன்றோடு சேர்கிறதோ அந்த இடங்களைப் பாருங்கள். ஊர்காவற்றுறையில் தையல் மெஷின் ஆகட்டும், நெடுந்தீவில் தண்ணீர்ப் பம்பி ஆகட்டும், நயினாதீவில் கூரைச் சோலர் ஆகட்டும், சுருள் எரிந்த மோட்டரை விடப் பின் (pin) கறுத்த கனெக்ரர்தான் அடிக்கடி கைக்கு அகப்படும். சுண்டுவிரல் அளவு பிளாஸ்ரிக் துண்டு ஒன்று கெட்டதற்காகப் புது மோட்டர் வாங்கியவர்கள் இங்கே நிறையப் பேர். அந்தத் துண்டைப் பார்த்து வாங்குவதும் சரியாகப் பூட்டுவதும் பற்றியது இந்த அத்தியாயம்.

உப்புத்தான் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் சாமானைத் தெரிவதும் இலகு. சோளகம் வீசும் மாதங்களில் கடற்காற்று உப்பை நுண்துளிகளாகக் கொண்டுவந்து எல்லாவற்றிலும் படிய விடுகிறது. வாடையில் அதன்மேல் மழை ஈரம் சேர்கிறது. சாப்பாட்டு உப்பான சோடியம் குளோரைட், காற்றின் சாரீரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால்தான் ஈரத்தை இழுத்துக் கரையும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைட்டும் கலந்திருக்கிறது. அது 33 வீதத்திலேயே கரைந்துவிடும். தீவகத்துக் காற்று அந்த அளவுக்குக் காய்வதில்லை. ஆகவே உப்புப் படிந்த பின், கண்ணுக்குக் காய்ந்து தெரிந்தாலும், மத்தியான வெயிலிலும் நனைந்தபடிதான் இருக்கிறது. அந்த ஈரப்படலம் மின்னைக் கடத்தும், செம்பை அரிக்கும். உலர்ந்த துணியால் துடைத்தால் உப்பு இடம் மாறுமே தவிரப் போகாது. நல்ல தண்ணீரால் கழுவிக் காய வைக்க வேண்டும். நெடுந்தீவில் உவர்க் கிணறுகள் அதிகம் என்பதால் திரும்பவும் சொல்கிறேன்: குடிக்க வைத்திருக்கும் தண்ணீரில் கழுவுங்கள்.

கனெக்ரருக்குப் போகுமுன் வயர். கரையோரத்தில் இரண்டு மூன்று வருடம் கிடந்த சாதாரண வயர் ஒன்றின் நுனியைச் சீவிப் பாருங்கள். செம்பு சிவப்பாக இராது, கரிக்கறுப்பாக இருக்கும். நுனியில் இரண்டு அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி சீவுங்கள்; அங்கும் கறுப்புத்தான். இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளி வழியாக உப்பு நீர் உள்ளே ஏறியிருக்கிறது. இப்படிப்பட்ட வயரில் எவ்வளவு விலை கூடிய கனெக்ரரைப் பூட்டினாலும் பயன் இல்லை. ஒவ்வோர் இழையிலும் வெள்ளீயம் பூசிய செம்பு வயர் படகுச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும்; சீவினால் வெள்ளியாகத் தெரியும். விலை கூடத்தான். கடலுக்கு அருகில் போகும் வயருக்கு, அதிலும் படகுக்கு, அந்தக் கூடுதல் காசைக் கொடுங்கள். வீட்டுச் சுவருக்குள் போகும் வயருக்குத் தேவையில்லை.

அடுத்தது, இந்த இணைப்பில் போகப்போவது எவ்வளவு மின் என்ற கேள்வி. கடையில் நிற்கும்போது பெரும்பாலானோர் தடித்த பின்னைப் பார்த்து, இது நல்லது என்று எடுத்துவிடுகிறார்கள். தடித்த பின் தேவைப்படுவது கூடுதல் மின் போகும் இடத்துக்கு. 12 வோல்ற்று பற்றரியில் 300 வாற்று இன்வேர்ட்டர் ஒன்றை ஓட்டினால் 25 அம்பியர் போகும். இணைப்பு ஒன்றில் ஓம் ஒன்றின் நூறில் ஒரு பங்கு தடை ஏறிவிட்டது என்று வைப்போம். கால் வோல்ற்று அங்கேயே இழக்கப்படும். அதைவிட, 6 வாற்றுக்கு மேல் வெப்பம், விரல் நுனி அளவு உலோகத்தில், நாள் முழுவதும். பிளாஸ்ரிக் உருகி மணம் வந்து நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

சிக்னல் வயரில் அப்படி எதுவும் தெரியாது. சேர்வோ மோட்டர் ஒன்று தன் தண்டு எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்பதை என்கோடர் மூலம் கொன்ரோலருக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். என்கோடர் 5 வோல்ற்றில் 150 மில்லிஅம்பியர் எடுக்கிறது என்று கொள்ளுங்கள். நேர் பின்னில் ஒரு ஓம், மறை பின்னில் ஒரு ஓம் ஏறினால் என்கோடருக்குப் போய்ச் சேர்வது 4.7 வோல்ற்று. பல என்கோடர்களுக்குக் கீழ் எல்லை 4.75. அந்தப் பின் ஒவ்வொன்றிலும் வெப்பம் வாற்றின் நாற்பதில் ஒரு பங்கு கூட இல்லை. கை வைத்தால் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். மெஷின் மட்டும் நடுவில் நிற்கும், உதறும், பிழை எண் காட்டும். தடித்த மின் வயரின் கனெக்ரரை விட, நூல் போன்ற சிக்னல் வயரின் கனெக்ரருக்குத்தான் கூடக் காசு போட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். கடைக்காரர் சிரித்தாலும் பரவாயில்லை.

சேர்வோ என்றால் பெரிய தொழிற்சாலைச் சாமான் என்று நினைக்க வேண்டாம். கிளட்ச் மோட்டர் பூட்டிய பழைய தையல் மெஷின்கள் போய், மேசைக்குக் கீழே சேர்வோ மோட்டர் பூட்டிய மெஷின்கள் வந்து கனகாலம். சத்தம் குறைவு, காலை எடுத்ததும் மின் எடுப்பதும் நின்றுவிடும். சோலரில் அல்லது ஜெனரேற்றரில் ஓட்டுகிறவருக்கு இது பெரிய விசயம். இந்த மோட்டரிலிருந்து கொன்ரோலர் பெட்டிக்கு வழக்கமாக இரண்டு வயர் போகும். ஒன்று மோட்டருக்கு மின் கொடுப்பது, மற்றது சென்சர் வயர். ஊசி நிற்கும் இடத்தைச் சொல்லும் சென்சர் இருந்தால் மூன்றாவது ஒன்றும் இருக்கும். சென்சர் வயரின் முனையில் இருப்பது பெரும்பாலும் வெள்ளை நைலோன் கனெக்ரர், அல்லது பழைய கணினிகளில் இருந்ததைப் போன்ற டி வடிவ ஒன்பது பின் கனெக்ரர்.

இந்த மெஷின்களில் வரும் கோளாறுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. மெஷின் நின்றுவிடும். யாரோ கனெக்ரரைக் கழற்றித் திரும்பப் போடுவார்கள், ஓடும். இரண்டு கிழமையில் மறுபடி நிற்கும். அதற்குள் கொன்ரோலர் போர்ட்டைத் திருத்தவென யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோயிருப்பார்கள். அங்கே மேசையில் வைத்துப் பூட்டினால் நன்றாக ஓடும். உண்மையில் நடப்பது இது: தையல் மெஷினின் அதிர்வில் பின்னும் அதன் கூடும் ஒன்றன்மேல் ஒன்று மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு அளவுக்கு உரசிக்கொண்டே இருக்கின்றன. பின்னில் உள்ள வெள்ளீயப் பூச்சு ஒவ்வோர் உரசலிலும் சுரண்டுப்பட்டு, காற்றுப் பட்டு ஒட்சைட்டாகி, கறுத்த தூளாகத் தொடும் இடத்திலேயே தங்குகிறது. அந்தத் தூள் மின்னைக் கடத்தாது. கழற்றிப் போடும்போது தூள் விலகி ஒரு புதிய இடம் தொடுகிறது. கழற்றிப் போட்டால் சரியாகிறது என்பதே நோய் எங்கே என்று சொல்லிவிடுகிறது. போர்ட்டைத் தொட வேண்டாம்.

இதற்கு மருந்து பொன்முலாம் பூசிய பின். பொன் ஒட்சைட்டாவதில்லை. ஆனால் பொன்னிறமாகத் தெரிவதெல்லாம் போதாது. மலிவுக் கனெக்ரர்களில் பூச்சு மைக்ரோமீற்றரின் பத்தில் ஒரு பங்கு கூட இராது. அதிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக உப்பு அடியிலுள்ள உலோகத்தை அரித்துப் பச்சை பூக்க வைக்கும். தயாரிப்பாளரின் தாளில் 0.75 மைக்ரோமீற்றர் அளவில் பொன் பூச்சு என்று இருந்தால் நம்பி வாங்கலாம். இன்னொன்று, ஆண் பின் பொன்னும் பெண் பின் வெள்ளீயமுமாகக் கலக்கக் கூடாது. பொன்னில் வெள்ளீயத் தூள் ஒட்டி, இரண்டும் வெள்ளீயமாக இருந்ததை விட மோசமாகும். பழைய கனெக்ரரில் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றும்போது இந்தப் பிழை இலகுவில் நடந்துவிடும். இரண்டு பக்கத்தையும் சேர்த்தே மாற்றுங்கள்.

தையல் மெஷின் கரையிலிருந்து தள்ளி மூடிய அறையில் இருந்தால் பொன்முலாமிட்ட, ஸ்குரூவால் இறுக்கும் டி வடிவக் கனெக்ரரே போதும். ஸ்குரூவைப் பூட்டாமல் விடுவதுதான் வழக்கம். பூட்டுங்கள், அதிர்வைத் தடுப்பது அதுதான். காற்றுப் படும் கொட்டிலில், ஐஸ் தொழிற்சாலையில், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் என்றால் எம்12 எனப்படும் வட்டக் கனெக்ரருக்குப் போங்கள். 12 மில்லிமீற்றர் மரையோடு, றப்பர் வளையத்தோடு வரும், சிக்னலுக்கு உரியது. பெரிய சேர்வோக்களில் மின் வயருக்கு எம்23. இவற்றின் மரை வளையம் வழக்கமாக நிக்கல் பூசிய பித்தளை. உப்பு நேராகத் தெறிக்கும் இடத்துக்கு 316 வகைத் துருப்பிடிக்காத உருக்கில் கேளுங்கள். சீனத்து சேர்வோக்களிலும் சி.என்.சி. மெஷின்களிலும் வரும் ஜி.எக்ஸ்.16, ‘ஏவியேஷன் பிளக்’ என்ற பெரிய பெயரோடு விற்கப்படுகிறது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பளபளக்கும் அந்த ஓட்டுக்குள் நீர் புகாமல் தடுக்க ஒன்றுமில்லை. உள்ளறைக்கு மட்டும் சரி.

சென்சர் வயரைச் சுற்றியுள்ள உலோகப் பின்னலையும் மறக்க வேண்டாம். மோட்டருக்குப் போகும் மின் ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி அனுப்பப்படுவது. அதன் இரைச்சல் பக்கத்து வயரில் ஏறும். அந்தப் பின்னலை ஒரு வாலாக முறுக்கி ஒரு பின்னில் சேர்ப்பதை விட, உலோக ஓட்டைச் சுற்றி முழுவதும் படும்படி இறுக்குவது எவ்வளவோ மேல். ஆகவே கவசப் பின்னல் உள்ள வயருக்குப் பிளாஸ்ரிக் ஓடு வாங்காதீர்கள். கழற்றுமுன் ஒரு எச்சரிக்கை: 230 வோல்ற்று மின்னை நேரோட்டமாக்கினால் கொன்ரோலருக்குள் 325 வோல்ற்று வரை இருக்கும், சுவிட்சை நிறுத்திய பிறகும் கொள்ளளவி அதை வைத்திருக்கும். பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடம் பொறுங்கள்.

இனி வயரைப் பின்னோடு சேர்க்கும் வேலை. இங்கே நம் ஊரில் ஒரு பழைய விவாதம் உண்டு: ஈயம் பிடிப்பதா, குறட்டால் நெரிப்பதா. ஈயம் பிடித்தால் பலம் என்று மூத்த மின்வேலைக்காரர் பலர் சொல்வார்கள். றேடியோப் பெட்டிக்குள் அது சரி. அதிரும் இடத்தில் சரியல்ல. உருகிய ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரின் ஒரு பகுதியைக் கம்பி போல விறைக்க வைக்கிறது. விறைப்பு முடியும் இடத்தில் வயர் மடிந்து மடிந்து அறுந்துபோகிறது. உறைக்குள் அறுவதால் கண்ணுக்கும் தெரியாது. சரியாக நெரித்த இணைப்பில் இழைகளும் அவற்றைப் பிடிக்கும் உலோகக் குழலான லக்கின் சுவரும் ஒன்றுக்குள் ஒன்று அமுங்கி, காற்றுக்கூடப் புகாதபடி ஒட்டிவிடுகின்றன. காற்றுப் புகாத இடத்தில் உப்பும் புகாது.

ஆனால் ‘சரியாக நெரித்த’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சாதாரணக் குறட்டால் கடித்து நசுக்குவது நெரித்தல் ஆகாது. பல்லுப் பூட்டுள்ள கிரிம்பிங் குறடு ஒன்று வாங்குங்கள். முழு அழுத்தமும் கொடுக்கும்வரை அது வாயைத் திறக்காது. லக்கின் நிறம் வயரின் தடிப்பைச் சொல்லும்: சிவப்பு 0.5 முதல் 1.5 சதுர மில்லிமீற்றர் வரை, நீலம் 1.5 முதல் 2.5, மஞ்சள் 4 முதல் 6. கையில் நீல லக் இல்லை என்று மஞ்சளுக்குள் மெல்லிய வயரை இரட்டையாக மடித்துத் திணிப்பதை நிறையக் காணலாம். முதல் சோளகத்தோடு அது கழன்றுவிடும். ஒவ்வொன்றையும் நெரித்ததும் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். வருவதானால் இப்போதே வரட்டும். பிறகு உள்ளே பசை உள்ள சுருங்கு குழாயைப் போட்டுச் சூடாக்குங்கள். குழாயின் இரு முனையிலும் பசை ஒரு வளையமாக வெளியே கசிந்து வந்தால்தான் அடைப்புச் சரி. பசையில்லாத மலிவுக் குழாய் உப்பு நீரை உள்ளே பிடித்து வைக்கும் பை. கறுப்பு ரேப் அதைவிட மோசம்: வெயிலில் பசை இளகி, ஓரம் விட்டு, உள்ளே போன ஈரம் வெளியே வராது. நயினாதீவில் ஆனித் திருவிழாவுக்குப் பந்தலும் மின்விளக்கும் போடுகிறவர்கள் முறுக்கி ரேப் சுற்றிய இணைப்புகளைத் திருவிழா முடிந்ததும் வெட்டி எறிந்துவிட வேண்டும். அடுத்த ஆனிக்கு என்று சுருட்டி வைக்கக் கூடாது.

ஸ்குரூவால் இறுக்கும் ரேமினலுக்குள் போகும் நுனிக்கு ஈயம் பூசவே வேண்டாம். ஈயம் மென்மையானது, அழுத்தத்தில் மெல்ல மெல்ல வழிந்து இறுக்கம் தளரும். சின்னக் குழல் போன்ற பெரூல் ஒன்றை நுனியில் நெரித்து உள்ளே விடுங்கள்.

ஐ.பி.67 என்ற எண்ணை நம்பித்தான் பலர் வாங்குகிறார்கள். அது சொல்வது இவ்வளவுதான்: தூசு புகாது, ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் அரை மணித்தியாலம் கிடந்தால் கெடுதல் செய்யும் அளவுக்கு நீர் புகாது. அதுவும் இரண்டு பக்கமும் பூட்டியிருக்கும்போது. உப்பைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லவில்லை. உப்புப் புகைச் சோதனைக்கு ஐ.ஈ.சி. 60068-2-52 என்று தனித் தரம் உண்டு. கனெக்ரரின் தாளில் அதைத் தேடுங்கள். பூட்டாமல் தொங்கும் பாதிக்கு மூடி போடாவிட்டால் 67 என்ன, எந்த எண்ணும் காப்பாற்றாது. வாகனங்களுக்கும் உழவு இயந்திரங்களுக்கும் வரும் டொய்ச் டி.டி. வகைக் கனெக்ரர்கள் படகுக்கும் பம்பிக்கும் நன்றாகப் பொருந்தும். ஒரு பின் 13 அம்பியர் தாங்கும். ஆனால் அதன் பின்பக்க றப்பர்த் துளைக்கு ஏற்ற தடிப்பில் வயரின் உறை இருக்க வேண்டும். மெல்லிய வயரைச் செருகினால் சுற்றி இடைவெளி விழும்.

அடைப்பதற்குச் சிலிக்கன் பூசுகிறவர்கள் குப்பியை மணந்து பார்க்க வேண்டும். வினாகிரி மணம் வந்தால் வேண்டாம்; இறுகும்போது அசற்றிக் அமிலத்தை விடும், செம்பைத் தின்னும். ‘நியூற்றல்’ என்று எழுதியதை வாங்குங்கள். கனெக்ரருக்கு வரும் வயர் நேரே மேலிருந்து இறங்கக் கூடாது. கனெக்ரரை விடத் தாழ்வாக ஒரு வளைவு விட்டு மேலே ஏற்றினால் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். காசு செலவில்லாத வேலை. இதைச் செய்யாமல் விட்ட இடங்கள்தான் அதிகம்.

சோலருக்கு வருவோம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றாலை, சோலர், பற்றரி, டீசல் எல்லாம் சேர்ந்த கலப்பு மின்திட்டம் 2021 முதல் பேச்சில் இருந்தது. முதலில் சீனக் கம்பனி ஒன்றுக்குப் போய், பிறகு இந்தியாவின் 11 மில்லியன் டொலர் நன்கொடைக்கு மாறி, 2024 மார்ச்சில் பெங்களூர்க் கம்பனி ஒன்றோடு ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1700 கிலோவாற்று சோலர், 530 கிலோவாற்று காற்று, 2400 கிலோவாற்று மணி பற்றரி என்பது திட்டம். அரசியலைப் பத்திரிகைகள் எழுதட்டும். நமக்கு விசயம், அவ்வளவு சோலர் தகட்டுக்கும் ஆயிரக்கணக்கில் கனெக்ரர் வேண்டும், அவற்றைப் பராமரிக்கத் தீவிலேயே கை தெரிந்த பிள்ளைகள் வேண்டும் என்பதுதான்.

சோலர் தகட்டுக்கு வரும் கனெக்ரர் எம்.சி.4. அது ஒரு கம்பனி தன் சாமானுக்கு வைத்த பெயர். மற்றவர்கள் செய்வது அதைப் பார்த்துச் செய்தவை. ‘எம்.சி.4 உடன் பொருந்தும்’ என்று எழுதியிருக்கும், ‘டிக்’ என்று பூட்டவும் செய்யும். ஆனாலும் ஒரு கம்பனியின் ஆணையும் இன்னொன்றின் பெண்ணையும் சேர்க்காதீர்கள். உள்ளே உலோகப் பூச்சும் றப்பர் வளையத்தின் அளவும் நுணுக்கமாக வேறுபடும்; சில வருடத்தில் சூடேறி எரியும் இணைப்புகளில் இப்படிக் கலந்தவை அதிகம். தகட்டோடு வரும் கனெக்ரர் எந்தக் கம்பனி என்று முதலில் பார்த்து அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் தகட்டின் வாலை வெட்டி இரண்டு பக்கத்தையும் ஒரே கம்பனிக்கு மாற்றுங்கள். உத்தரவாதம் போகலாம், முன்பே கேளுங்கள். வெயிலில் ஓடிக்கொண்டிருக்கும்போது இவற்றைக் கழற்றவே கூடாது. வீட்டு மின் ஒரு நொடியில் நூறு தடவை சுழியத்தைக் கடப்பதால் அதன் பொறி தானே அணையும். சோலரின் நேரோட்டத்தில் சுழியம் இல்லை, பொறி நீண்டு கைவரை வரும். முதலில் இன்வேர்ட்டரை நிறுத்தி, பிறகு டி.சி. சுவிட்சை நிறுத்தி, அதன் பிறகு கழற்றுங்கள்.

படகுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இணைப்புகளைக் குறையுங்கள், இரண்டு துண்டு வயரைச் சேர்ப்பதை விட ஒரு நீள வயரை வாங்குங்கள். இருக்கும் இணைப்பைத் தண்ணீர் தேங்கும் அடித்தட்டுக்கு மேலே தூக்கிக் கட்டுங்கள். பற்றரி முனைக்கு, இறுக்கிய பிறகு மேலே வசலின் பூசுங்கள். முன்னே பூசி இறுக்க வேண்டாம்.

கடைசியாக, கையிருப்பு. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவு சின்னப் பயணந்தான்; நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். கடல் கொந்தளித்தால் இரண்டுக்கும் படகு இல்லை. நாற்பது ரூபாய்ச் சாமானுக்காக மெஷின் மூன்று நாள் நிற்பது இப்படித்தான். மூடி இறுகும் பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றில் உங்கள் மெஷினிலுள்ள ஒவ்வொரு வகைக் கனெக்ரரிலும் இரண்டு சோடி, அதற்கான பின் இருபது, பசைச் சுருங்கு குழாய், கிரிம்பிங் குறடு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பை ஒன்று போட்டு வையுங்கள். கனெக்ரரைக் கழற்றுமுன் வயர் நிறங்களைப் போனில் படம் பிடித்து, அந்தப் படத்தை அச்செடுத்து மூடியின் உட்புறத்தில் ஒட்டுங்கள். போன் வேறு யாரிடமோ இருக்கும் நாளில்தான் அது தேவைப்படும். யாழ்ப்பாணத்தில் வாங்கியதும் கடை வாசலிலேயே பெட்டியைத் திறந்து, ஆண் பின்னும் பெண் பின்னும் இரண்டும் இருக்கிறதா என்று எண்ணுங்கள். ஓட்டை மட்டும் கட்டிக் கொடுத்துவிட்டுப் பின்னைக் கொடுக்க மறப்பது கடைக்காரருக்கு வழக்கம்.